சிவப்பு முழங்கால் டரான்டுலாவுக்குப் பழைய மீன் தொட்டி சரிப்படுமா?

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். அடுத்த மாதம் ஒரு மெக்சிகன் சிவப்பு முழங்கால் டரான்டுலாச் சிலந்தி வருகிறது. காலை நீட்டினால் முனைக்கு முனை 8 செ.மீ என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். கையில் 60 செ.மீ நீளம், 30 அகலம், 40 உயரத்தில் ஒரு பழைய மீன் தொட்டி இருக்கிறது. அதற்கு வலை மூடி, அடியில் வைக்க ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), தண்ணீர்க் கிண்ணத்தில் போடப் பஞ்சு, ஈரப்பதம் காட்டும் மீட்டர் எல்லாம் வாங்கிவிட்டு, இன்னும் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தொட்டியில் விட்டால் சிலந்தி பிழைக்குமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. நீங்கள் எழுதியிருக்கிற ஏற்பாட்டில் பிழைப்பது சந்தேகம். புதிதாக வாங்க வேண்டியது கொஞ்சம்தான். வாங்கியதில் ஒதுக்கிவைக்க வேண்டியதுதான் நிறைய.

முதலில் அது எப்படிப்பட்ட பிராணி என்று பார்ப்போம். மெக்சிகோவின் பசிபிக் கரையோரம், கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோவகான் பக்கத்து இலையுதிர் வறண்ட காடுகள் அதன் ஊர். வேர்க்கடியிலும் பாறையிடுக்கிலும் வளை வைத்து வாழும் தரைச் சிலந்தி. ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே மழை, மீதி மாதங்களில் வறட்சி. பெட்டியில் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்று எழுதியிருந்தாலும் குழம்ப வேண்டாம். அந்தப் பெயரில் பல காலம் விற்றவற்றில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்று 2017ல் வந்த மறுவகைப்படுத்தலுக்குப் பிறகு தெளிவாயிற்று. இரண்டுக்கும் வளர்ப்பு முறை ஒன்றுதான். பெண்ணாக இருந்தால் 20 வருடங்களுக்கு மேல் உங்களோடு இருக்கும். ஆணாக இருந்தால் கடைசி சட்டையை உரித்து வயதுக்கு வந்தபின் ஓரிரு வருடம்தான். ஆகவே அவசரத்துக்கு ஒரு பெட்டி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

தொட்டியின் முக்கியமான குறை அதன் உயரம். தரைச் சிலந்தி என்றாலும் இரவில் கண்ணாடியில் ஏறும். பாதத்தில் உள்ள மெல்லிய முடிப்படலம் வழுவழுப்பான கண்ணாடியையும் பற்றிக்கொள்ளும். ஏறுகிற அளவுக்கு இறங்கத் தெரியாது. பிடி நழுவினால் அப்படியே விழும். தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதிக்குக் கெட்டியான ஓடு உண்டு. பின்னாலிருக்கும் வயிற்றுக்கு அது இல்லை. தோல் மெல்லிய பைதான். உள்ளே ரத்தம் குழாய்களுக்குள் அடங்காமல் உறுப்புகளைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. அரை அடி, முக்கால் அடி உயரத்திலிருந்து ஒரு கல்லின் விளிம்பில் விழுந்தால் போதும், தோல் கிழிந்து நீர் போல வடிந்து முடிந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டு வயிறு உப்பிய சிலந்திக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் மண்ணின் மேல்மட்டத்திலிருந்து மூடிவரை உள்ள வெற்றிடம் காலை நீட்டிய முனைக்கு முனை அளவில் ஒரு மடங்கு, மிஞ்சினால் ஒன்றரை மடங்கு என்பது விதி. உங்கள் சிலந்திக்கு 8 முதல் 12 செ.மீ. தரைக்கு மூன்று மடங்கு நீளம், இரண்டு மடங்கு அகலம் வேண்டும். அதாவது குறைந்தது 24க்கு 16.

இப்போது உங்கள் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 செ.மீ மட்டும் விட்டு மீதியை நிரப்பினால் 28 செ.மீ ஆழ மண். 60 பெருக்கல் 30 பெருக்கல் 28 என்றால் 50 லிட்டர். அமுக்கிய ஈர மண் அவ்வளவு என்றால் 40 கிலோவைத் தாண்டலாம். தொட்டியின் கண்ணாடி தாங்கிவிடும், 72 லிட்டர் தண்ணீருக்குச் செய்ததுதானே. நீங்கள் வைக்கப்போகும் புத்தக அலமாரி தாங்குமா என்பது வேறு விஷயம். அதனால் இந்தத் தொட்டியை ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு 30க்கு 20, உயரம் 20 செ.மீ உள்ள, கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக் பெட்டியோ, பக்கவாட்டில் துளை போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவோ போதும். பெரிய இடத்தில் விட்டால் சிலந்தி பயந்து சாப்பிடாமல் இருக்கும் என்று பலர் சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. காட்டில் அதற்கு யாரும் சுவர் கட்டவில்லை. ஒளிய இடம் இருந்தால் பெரிய பெட்டியும் சரிதான். சின்னப் பெட்டியில் இரை எங்கே போயிற்று, தண்ணீர் இருக்கிறதா என்று உங்களால் ஒரே பார்வையில் பார்க்க முடியும். அந்த வசதிக்காகத்தான் சின்னது.

வலை மூடியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அனுபவமுள்ளவர்களில் பெரும்பாலோர் சொல்வதும் இதுதான். சிலந்தியின் ஒவ்வொரு பாதத்தின் நுனியிலும் கொக்கி மாதிரி இரண்டு சின்ன நகங்கள் உண்டு, முடிக்குள் மறைந்திருக்கும். தலைகீழாக மூடியில் நடக்கும்போது அந்தக் கொக்கி வலைக்கண்ணில் மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். உடம்பின் எடை முழுவதும் ஒரு காலில் தொங்கும். கடைசியில் காலைக் கழற்றிவிட்டு விழும், அல்லது காலையில் நீங்கள் பார்க்கும்போது தொங்கிக்கொண்டே இருக்கும். இது போதாதென்று நச்சுப்பல்லால் மெல்லிய அலுமினிய வலையைக் கடித்துக் கிழித்து வெளியே வருவதும் உண்டு. வலைக்குப் பதில் 4 அல்லது 5 மி.மீ தடிமனான அக்ரிலிக் தகட்டை அளவுக்கு வெட்டி, 3 மி.மீ துளைகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லிய தகடு என்றால் கீழே ஈரமும் மேலே ரேடியேட்டர் சூடும் பட்டுச் சில மாதங்களில் அப்பளம் போல வளைந்து ஓரத்தில் இடுக்கு விழும். துளை போடும்போது அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, டிரில்லை மெதுவாக ஓடவிடுங்கள். வேகமாகப் போனால் அக்ரிலிக் உருகி டிரில் முனையில் சுற்றிக்கொள்ளும், வெளியே வரும் கடைசி நொடியில் விரிசல் விடும். துளையின் உட்பக்கப் பிசிறைப் பெரிய டிரில் முனையால் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி மழுங்கடித்துவிடுங்கள்.

காற்று போகவும் வரவும் வேண்டும். பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் மண்மட்டத்துக்கு 2 செ.மீ மேலே ஒரு வரிசை, எதிர்ப்பக்கத்தில் மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை, வரிசைக்குப் பதினைந்து இருபது துளைகள். தாழ்ந்த பக்கம் உள்ளே வந்து உயர்ந்த பக்கம் வெளியேறும். துளையின் அளவு சிலந்தியின் முன்பக்க ஓட்டின் அகலத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வயிறு நசுங்கிக் கொடுக்கும், ஓடு கொடுக்காது. ஓடு நுழைகிற ஓட்டையில் முழுச் சிலந்தியும் நுழைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி வேண்டும். வளர்ந்த சிலந்தி கண்ணாடியில் காலை ஊன்றித் தளர்வான மூடியை முதுகால் தள்ளித் தூக்கும். மேலே புத்தகத்தை வைத்து அமுக்கிவிடலாம் என்று நினைத்தால், எடுத்துப் படித்தவர் திருப்பி வைக்க மறந்த அன்றுதான் அது வெளியே போகும்.

மண்ணுக்கு வருவோம். செங்கல் மாதிரி அழுத்தி விற்கிற தேங்காய் நார்த்தூள் கட்டி எல்லாச் செல்லப்பிராணிக் கடையிலும் கிடைக்கும். உறையைத் திருப்பிப் பார்த்தால் இந்தியா என்றோ இலங்கை என்றோ இருக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் நார் உரித்தபின் மிஞ்சுகிற அதே துகள்தான், கடல் தாண்டி வந்து ஊர்வனப் பிரிவில் பல மடங்கு விலைக்கு உட்கார்ந்திருக்கிறது. 650 கிராம் கட்டியை 4 லிட்டர் வெந்நீரில் போட்டால் 8, 9 லிட்டர் துகளாக விரியும். தோட்டத்துக்கு என்று விற்பது மலிவுதான், ஆனால் உரம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள், கலந்திருந்தால் வேண்டாம். வெறும் நார்த்தூளில் வளை நிற்காது, காய்ந்தால் சரிந்துவிடும். 6 பங்கு நார்த்தூள், 3 பங்கு உரமும் பூச்சிமருந்தும் படாத சாதாரண மேல்மண், 1 பங்கு குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் என்று கலந்தால் பிடித்து நிற்கும். உங்கள் சின்னப் பெட்டிக்கு 11 செ.மீ ஆழம் வேண்டும். அமுக்கிய கணக்கில் ஆறரை லிட்டர், உதிரியாக 9 லிட்டர் கலவை. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டும் வரக்கூடாது. சொட்டினால் பரப்பி ஒரு நாள் ஆறவிட்டுப் பிறகு போடுங்கள்.

இரண்டு விரற்கடைக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் உள்ளே பொறுபொறுவென்று இருந்து பிறகு இறங்கும். கடைசியில் பெட்டியின் ஒரு மூலையில், கண்ணாடியை ஒட்டி, கரண்டிக் காம்பால் சரிவாக ஒரு குழி துளையுங்கள். 4 செ.மீ அகலம், 7 செ.மீ ஆழம். மேலே பாதி வட்டமாக வெட்டிய கார்க் மரப்பட்டையைக் கவிழ்த்து, அதன் கீழ்விளிம்பை மண்ணுக்குள் இரண்டு செ.மீ புதைத்துவிடுங்கள். இது ஆரம்பத்துக்குத்தான். மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும், அல்லது உங்கள் வேலைப்பாட்டை அலட்சியம் செய்துவிட்டு எதிர் மூலையில் புதிதாகத் தோண்டும். கனமான கல்லை மண்ணின் மேல் வைக்காதீர்கள். அடியில் அது தோண்டும்போது கல் இறங்கி நசுக்கும். கல் கட்டாயம் வேண்டும் என்றால் பெட்டியின் தரையில் உட்காரவைத்து அதைச் சுற்றி மண் போட வேண்டும். உடைந்த பூந்தொட்டி, கள்ளிச்செடி, கூர்மையான அலங்காரப் பொருள் எதுவும் வேண்டாம். விழுந்தால் எதன்மேல் விழும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டுப் பாருங்கள், பாதி அலங்காரம் தானாகக் குறையும்.

பஞ்சைக் குப்பையில் போடுங்கள். அது ஒரு பழைய பழக்கம். தண்ணீர்க் கிண்ணத்தில் சிலந்தி மூழ்கிவிடும் என்ற பயத்தில் தொடங்கியது. டரான்டுலா தண்ணீரில் மிதக்கும். பயப்பட வேண்டியதில்லை. பஞ்சில் இரையின் கழிவும் மண்ணும் சேர்ந்து அழுகும். சிலந்தி வாயை வைத்து உறிஞ்சிக் குடிப்பதற்கும் அது இடைஞ்சல். 5, 6 செ.மீ அகலம், 2 செ.மீ ஆழத்தில் ஒரு தாழ்ந்த கிண்ணம், குழாய்த் தண்ணீர் போதும். இரைக்கு விடுகிற கிரிக்கெட் பூச்சி விழுந்து சாகாமலிருக்க இரண்டு கூழாங்கல் போடலாம். அந்தக் கிண்ணத்துக்குள் சிலந்தி மண்ணை அள்ளிக் கொட்டும், மரப்பட்டைத் துண்டைத் தூக்கிப் போடும். ஒவ்வொரு முறையும் கழுவி நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஈரப்பத மீட்டரைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் கருத்து வேற்றுமை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வளர்ப்புக் குறிப்புகளில் இந்த இனத்துக்கு 60, 70 சதவீதம் என்று எண் கொடுத்திருப்பார்கள். இன்று அனுபவமுள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணைப் பின்பற்றுவதில்லை. என் கருத்தும் அதுதான். மீட்டர் அளப்பது மூடிக்குக் கீழே உள்ள காற்றை, சிலந்தி இருப்பது வளைக்குள். மேலே 40 சதவீதம் காட்டும்போது 8 செ.மீ கீழே மண் குளிர்ச்சியாக இருக்கும். போதாததற்கு அந்த முள் வைத்த மலிவு மீட்டர்கள் இரண்டை அருகருகே வைத்தால் இரண்டு எண் காட்டும். எண்ணைத் துரத்தித் தினமும் தண்ணீர் தெளிப்பவர்கள் பெட்டியைக் காற்றில்லாத ஈரக் கிடங்காக்கிவிடுகிறார்கள். பூஞ்சையும் உண்ணிப்பூச்சியும் அதில்தான் பெருகும். செய்ய வேண்டியது சுலபம். கிண்ணத்தை நிரப்பும்போது வாரம் ஒருமுறை வேண்டுமென்றே வழியவிடுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்து அடி மண் வெளுத்துவிட்டது என்றால், கிண்ணம் இருக்கும் மூலையில் கண்ணாடியை ஒட்டி அரை டம்ளர் தண்ணீரை மெல்ல இறக்குங்கள். மேல்மண் காய்ந்தும் அடியில் மூன்றில் ஒரு பங்கு கருத்தும் இருந்தால் சரி. வளை இருக்கும் மூலையில் ஊற்றக்கூடாது. குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஓடும்போது லண்டன் வீடுகள் பாலைவனமாகிவிடும். அப்போது பத்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம்.

அடுத்தது ஹீட் மேட். பெட்டிக்கு அடியில் அதை வைப்பது தவறு என்பது நிச்சயம். சூடு அதிகமானால் காட்டில் இந்தச் சிலந்தி என்ன செய்யும்? கீழே போகும், ஏனென்றால் கீழே குளிர்ச்சி. உங்கள் பெட்டியில் கீழே அடுப்பு. சுட்டால் இன்னும் தோண்டும், தோண்டினால் இன்னும் சுடும். அடி மண் காய்ந்து நீர்ச்சத்து போய்ச் சாகும், வெளியே இருந்து பார்ப்பவருக்கு வளைக்குள் தூங்குவதாகத்தான் தெரியும். வீட்டில் 20 முதல் 26 டிகிரி இருந்தால் எந்தச் சூடும் வேண்டாம். இரவில் 18க்கு இறங்கினாலும் ஒன்றும் ஆகாது, சாப்பாடு குறையும், வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவே. பல நாள் தொடர்ந்து 16க்குக் கீழே போகிற அறை என்றால் ஏதாவது செய்ய வேண்டும். பெட்டியை அறையின் சூடான உள்சுவர்ப் பக்கம் மாற்றுவது முதல் வழி. அது போதாவிட்டால் 7 வாட் மேட்டைப் பக்கவாட்டுச் சுவரில், மண்மட்டத்துக்கு மேலே, வெளிப்புறமாக, ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை 24ல் வைத்து, அதன் உணரியை மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைச் செருகவே கூடாது. மேலிருந்து அடிக்கும் சூட்டு விளக்கும் வேண்டாம், காற்றை உலர்த்திவிடும். வெளிச்சமே அதற்குத் தேவையில்லை. ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், வெயிலில் மூடிய பெட்டி அரைமணியில் வெந்துவிடும்.

பெட்டியெல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று சிலந்தி தள்ளாடினால், கால் நடுங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பூச்சிமருந்தை. பூனைக்கும் நாய்க்கும் கழுத்தில் விடுகிற தெள்ளுப்பூச்சி மருந்து, மூட்டைப்பூச்சிக்கு வீட்டு உரிமையாளர் ஆள் அனுப்பி அடிக்கவைக்கிற மருந்து, ஊரிலிருந்து வந்தவர்கள் பாசத்தோடு கொண்டுவரும் கொசுவர்த்தி, சுவரில் செருகுகிற கொசு மருந்து எல்லாம் சிலந்திக்கும் நஞ்சுதான். பூனையைத் தடவிய கையோடு பெட்டிக்குள் கை விடாதீர்கள். மருந்து அடிக்க ஆள் வருவது தெரிந்தால் பெட்டியை வேறு வீட்டுக்கே அனுப்பிவிடுவது நல்லது. உங்கள் மீன் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை. மீனுக்குச் செம்பு கலந்த மருந்து எப்போதாவது போட்டிருந்தால், முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கு அது ஆகாது. பலமுறை கழுவினால் போகுமா, ஒட்டுப் பசையில் தங்குமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அந்த நிலையில் அதைப் பயன்படுத்தாமல் விடுவதே புத்தி.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் வயிற்றைவிடப் பெரிதில்லாத கிரிக்கெட் ஒன்றோ இரண்டோ, அல்லது இளம் வெட்டுக்கிளி ஒன்று, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், எங்கே எந்த மருந்தைத் தின்றதோ. சாப்பிடாததை மறுநாள் எடுத்துவிட வேண்டும். தின்று துப்பிய உருண்டையையும் இடுக்கியால் எடுங்கள். புழு வகை இரைகள் மண்ணுக்குள் புகுந்து மறைந்துவிடும், தலையை நசுக்கிப் போட வேண்டும்.

எடுத்துவிடச் சொல்வது சுத்தத்துக்காக மட்டுமில்லை. சட்டை உரிக்கிற நேரத்தில் உயிருள்ள ஒரு கிரிக்கெட் உள்ளே இருந்தால் அது சிலந்தியைத் தின்னும். உரிப்பதற்குச் சில வாரம் முன்பே இரையைத் தொடாது, வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை கருக்கும். பிறகு ஒரு நாள் பட்டுநூலால் மெத்தை நெய்து, மல்லாக்கப் படுத்துக் காலை மேலே நீட்டிக் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள், ஊதாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பல மணி நேரம் ஆகலாம். உரித்ததும் நச்சுப்பல் பால் வெள்ளையாக இருக்கும், அது சிவந்து பின் கருக்கிற வரை, சுமார் இரண்டு வாரம், இரை போடக்கூடாது. பயப்பட வேண்டிய நிலை வேறு. நிமிர்ந்த நிலையிலேயே எட்டுக் காலும் உடம்புக்கு அடியில் மூடிய கைபோலச் சுருண்டிருப்பது. சிலந்தி காலை மடக்குவது தசையால், நீட்டுவது பெரும்பாலும் உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால். திரவம் குறைந்தால் நீட்ட முடியாமல் கால் தானாகச் சுருளும். அப்போது வாய்ப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி கிண்ண விளிம்பில் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். வயிற்றின் அடிப்பக்கம்தான் அது மூச்சுவிடும் இடம், அது நனையக்கூடாது. நீர்ச்சத்துக் குறைவு என்றால் சில மணியில் தேறும். வேறு காரணம் என்றால் இணையத்தில் எழுதுகிற யாராலும், நான் உட்பட, படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த இனத்தின் கடி பெரிய அபாயம் இல்லை, குளவி கொட்டுகிற வகையில் சொல்லலாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாது. தொந்தரவு முடியில்தான். பயந்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய முள்முடிகளை வீசும். லீட்ஸில் ஒருவர் தன் டரான்டுலா தொட்டியின் கண்ணாடியில் கறை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ அசைய, தலையைத் திருப்பியிருக்கிறார். முடி முகத்தில் தெறித்தது. மூன்று வாரமாகக் கண் சிவந்து நீர் வடிந்து மருத்துவமனைக்குப் போனால், கருவிழியில் முடிகள் குத்தி நின்றன. நுண்ணிய இடுக்கியால்கூட எடுக்க முடியாத அளவு சிறியவை, ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான் போட முடிந்தது. 2010ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நிகழ்வு இது. அவருடையது சிலி ரோஸ் இனம். உங்களுடையதும் முடி வீசும் கூட்டம்தான். பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை. முகத்தைப் பெட்டிக்கு மேலே குனிந்து கொண்டுபோகாதீர்கள். இரண்டுக்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மூன்றாவதையும் சொல்கிறேன், கையில் ஏற்றி விளையாட வேண்டாம். அதற்கு அது பிடிக்காது, விழுந்தால் என்ன ஆகும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் தரைச் சிலந்திக்கான கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். நம் பக்கத்துப் பொசிலோதீரியா வகைகள், இலங்கையில் புலிமுகச் சிலந்தி என்பார்களே, அவை மரப்பொந்தில் வாழ்பவை. அவற்றுக்கு உயரமான பெட்டி, செங்குத்தான பட்டை வேண்டும். வேகமும் அதிகம், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் இழுக்கும். முதல் சிலந்தியாக அது வேண்டவே வேண்டாம். அந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பிராக்கிபெல்மாவும் அதே இரண்டாம் பின்னிணைப்பில்தான். பிரிட்டனுக்குள் வளர்க்க உரிமம் தேவையில்லை, வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணையில் பிறந்தது என்று எழுதிய ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியோடு விமானம் ஏறிவிடலாம் என்று எண்ண வேண்டாம். எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவிலும் 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் இனங்கள் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

பெட்டியைச் சிலந்தி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தயார் செய்து வைத்துவிடுங்கள். மேல்மண் காய வேண்டும், மூடி வளைகிறதா, கொக்கி நிற்கிறதா, அறையில் இரவு எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அவ்வளவு நாள் நோட்டம் பார்த்த பிறகு வாங்கிய ஹீட் மேட்டுக்கு வேலையே இல்லை என்று தெரிந்தால் ஆச்சரியமில்லை. மாற்றும் நாளில் குளியலறைத் தரையில், கழிவுநீர்த் துளையை அடைத்துவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் செருகிக்கொண்டு செய்யுங்கள். அது வந்த டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் திறந்து, மென்மையான ஓவியத் தூரிகையால் பின்னங்காலைத் தொட்டால் தானே நகரும். கையால் தள்ளாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் அகலமான ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் அட்டையும் இருக்கட்டும், ஓடினால் கவிழ்த்து மூட.

முதல் சில நாள் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு மண்ணில் கால் வைக்காமல் இருக்கலாம். மண் அதற்கு இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். துளைகள் வழியே காற்றுப் பட்டுக் காயட்டும், ஒரு வாரம் இரை போடாதீர்கள். பெரியதாகி 12, 13 செ.மீ தொடும்போது, அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது, அந்த 60 செ.மீ தொட்டியை அக்ரிலிக் மூடியோடு, 22 செ.மீ மண்ணோடு, ஒரு கெட்டியான மேசைமேல் வைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு நாள் வளையின் வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துவிட்டு வாரக்கணக்கில் வெளியே வராமல் இருக்கும். தோண்டிப் பார்க்கத் தோன்றும். தோண்டாமல் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பிவையுங்கள்.